கண்மாய்க்கு முதல் வேலை வரத்துக்காலில்

(சிவகங்கை, ராமநாதபுரம் வட்டாரக் கண்மாய்ப் பாசன விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, ஆயக்கட்டு விவசாயிகளே, ஊராட்சிப் பிரதிநிதிகளே, தாய்மார்களே, இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சித்திரை பிறந்துவிட்டால் நம் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் ஒரே மனுதான் போகிறது. "எங்கள் கண்மாயைத் தூர்வாரித் தாருங்கள்" என்று. நிதி வருகிறது, பொக்லைன் தண்ணீர் தேங்கும் பரப்பான உள்வாயில் இறங்குகிறது, நாலைந்து இடத்தில் பள்ளம் விழுகிறது, அந்த மண் கரைமேல் ஏறுகிறது. ஐப்பசியில் நல்ல மழை பெய்கிறது. ஊருக்கு மேற்கே ஓடையில் வெள்ளம் கரைபுரண்டு போகிறது. கண்மாயிலோ முழங்கால் தண்ணீர். தோண்டிய பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தேங்கி நிற்கிறது, அதுவும் வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடைக்கு ஏறாது.

தண்ணீர் வருகிற வழியைப் பார்க்காமல், தண்ணீர் நிற்கிற இடத்தை மட்டும் பார்த்ததால் வந்த வினை இது. இன்றைக்கு உங்களிடம் நான் வலியுறுத்த வந்திருப்பது ஒன்றே ஒன்றுதான். கண்மாய் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால். அடுத்து கலுங்கு. பிறகு மடையும் கரையும். உள்வாயைத் தோண்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசை மாறினால் எத்தனை லட்சம் செலவழித்தாலும் கண்மாய் பெருகாது.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 இருக்கின்றன. கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலமான ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை பார்க்கிறது. அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் நம்பியிருப்பது இரண்டு மடையும், மிச்சத் தண்ணீர் வழிய ஒரு கலுங்கும் உள்ள சின்னக் கண்மாயை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஒரு கணக்குப் போடுவோம். நீர்ப்பரப்பு 100 ஏக்கர் உள்ள கண்மாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிரம்பினால் மடை ஓரத்தில் ஆறேழு அடி நிற்கும், உள்வாய் ஓரத்தில் கணுக்கால் அளவு நிற்கும். சராசரி மூன்றடி என்று வையுங்கள். ஓர் ஏக்கரில் ஓரடி நின்றால் 43,560 கன அடி. ஆக, கண்மாய் முழுக்கக் கொள்வது சுமார் ஒரு கோடியே 30 லட்சம் கன அடி.

இதை ஓரடி ஆழப்படுத்த வேண்டுமென்றால் எவ்வளவு மண் அள்ள வேண்டும்? 43 லட்சத்து 56 ஆயிரம் கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்று கணக்கு வைத்தால் 43,560 யூனிட். வழக்கமான திட்டங்களில் இவ்வளவு மண் எடுக்கப்படுவதில்லை. எடுக்க நிதியும் கிடையாது. அதனால்தான் நாலு பள்ளத்தோடு வேலை முடிகிறது.

இப்போது வரத்துக்காலுக்கு வாருங்கள். மூன்று கிலோமீட்டர் நீளம், ஆறடி அகலம், ஒன்றரை அடி வண்டல் படிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முழுக்க அள்ளினால் 900 யூனிட்டுக்கும் குறைவு. 43,560 யூனிட் அள்ளினால் கூடுதலாக 43 லட்சம் கன அடி கொள்ள இடம் கிடைக்கும். இடம்தான் கிடைக்கும், தண்ணீர் கிடைக்காது. 900 யூனிட்டை அள்ளினால் ஏற்கெனவே இருக்கிற ஒரு கோடியே 30 லட்சம் கன அடி இடம் நிரம்புவதற்கு வழி பிறக்கும். எதை முதலில் செய்வது என்று இனிமேல் விவாதம் வேண்டுமா?

நம் பகுதியில் ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான் விழுகிறது. அதுவும் மூன்று மாதமும் சீராகப் பெய்வதில்லை. நாலைந்து பெரிய மழையில் ஓடை பெருகும், ஓரிரு நாள் ஓடும், வடியும். மொத்தமாகப் பத்து நாள் வெள்ளம் கிடைக்கிறது என்று வைத்தால், அந்தப் பத்து நாளுக்குள் கண்மாய் நிரம்ப நொடிக்கு 15 கன அடி உள்ளே வர வேண்டும். ஆறடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள, புதர் இல்லாத மண் வாய்க்கால், நூறு அடிக்கு ஓர் அங்குலம் சாய்வில் 13 முதல் 15 கன அடி வரை கொண்டுவரும். நம் முன்னோர் வெட்டிய அளவு ஏறக்குறைய அதுதான். அதே வாய்க்காலில் சீமைக் கருவேலும் நாணலும் மண்டினால், அகலம் குறையாமலேயே வரத்துப் பாதியாகும்.

அதற்கு மேல் ஒரு தடை இருக்கிறது. நம் கண்மாய்கள் பலவற்றைச் சாகடித்தது அதுதான். வரத்துக்காலின் குறுக்கே ரோடு போடும்போதும், வயலுக்கோ மனைக்கோ பாதை போடும்போதும் பதிக்கிற சிமென்ட் குழாயைச் சொல்கிறேன். ஓரடி விட்டமுள்ள குழாய் நிரம்பி ஓடினாலும் நொடிக்கு மூன்று கன அடிக்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான். மூன்று கன அடி வந்தால் நம் கண்மாய் நிரம்ப ஐம்பது நாள் ஆகும். ஐம்பது நாள் ஓடை ஓடுமா? ஓடாது. ஒரே ஒரு குழாய், மூன்று கிலோமீட்டர் வாய்க்காலையும் நூறு ஏக்கர் கண்மாயையும் வீணாக்கிவிடும். பாதி மண் அடைத்த குழாயாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டடிக் குழாய் போட்டாலும் 12 கன அடி சுமார்தான். அதற்குள் ஒரு வேலிமுள் சிக்கினால் போயிற்று. அந்த இடத்தில் வேண்டியது நாலடி அகலத்தில் பெட்டிப் பாலம். அதன் அடித்தளம் வாய்க்கால் தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம்கூட மேலே இருக்கக் கூடாது. பாலம் கட்டுகிற இடத்தில் நீங்களே நின்று, தளம் போடுவதற்கு முன் மட்டம் பாருங்கள். கட்டி முடித்த பிறகு மனுக் கொடுத்துப் பயனில்லை.

வரத்துக்காலைச் சோதிப்பது எப்படி? அறுப்பு முடிந்ததும், மாசி பங்குனியில், கண்மாயிலிருந்து புறப்பட்டு மேல்நோக்கி நடங்கள். கையில் கிராம வரைபடம், வரத்துக்கால் போகிற சர்வே எண்களின் புல வரைபடம், நில விவரம் உள்ள அ பதிவேட்டின் நகல் இருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் கண்ணாடி டியூப் மட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது அடி டியூபும் இரண்டு அளவுகோலும் போதும். டியூபை நகர்த்தி நகர்த்தி வைத்து, நூறு அடிக்கு ஒரு தடவை தரைமட்டத்தைக் குறியுங்கள். கண்மாய்ப் பக்கத்துப் புள்ளியைவிட ஓடைப் பக்கத்துப் புள்ளி தாழ்ந்திருந்தால் வழியில் மேடு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மேட்டை வெட்டினால் ஒரு கிலோமீட்டருக்கு உயிர் வரும். அகலத்தையும் அளந்து, வரைபடத்தில் உள்ள அகலத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். இந்தத் தாள்தான் பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் பேசும். "ஆக்கிரமிப்பு இருக்கிறது" என்று பொதுவாக எழுதும் மனுவுக்கும், "இந்தச் சர்வே எண்ணில் பதினெட்டடி வாய்க்கால் ஏழடியாக இருக்கிறது" என்று எழுதும் மனுவுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. நீர்வளத் துறையின் கண்மாய்களில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் அளந்து எல்லைக்கல் நட்டால்தான் எந்தச் சட்டமும் வேலை செய்யும். முதலில் சர்வேயரைக் கொண்டுவாருங்கள்.

வாய்க்காலைச் சுத்தம் செய்வது ஆட்கள் கையால் செய்யத் தகுந்த வேலை. இயந்திரத்தை இறக்கினால் வாளியின் அகலத்துக்கு ஒரே ஆழமாகத் தோண்டிவிட்டுப் போகும். கரை சரிந்து அடுத்த மழையில் மூடிக்கொள்ளும். ஊரக வேலைத் திட்டத்தில் பெண்கள் மண்வெட்டியோடு இறங்கினால், தரைமட்டம் கெடாமல், இரண்டு பக்கமும் சாய்வு விட்டு, அள்ளிய மண்ணை வாய்க்கால் விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளிப் போட முடியும். ஆடி கடைசியிலோ ஆவணியிலோ செய்யுங்கள். வைகாசியில் வெட்டினால் கோடை மழைக்குப் புதர் மறுபடியும் முளைத்துவிடும்.

அடுத்து கலுங்கு. கண்மாய் நிரம்பிய பிறகு மிச்சத் தண்ணீர் வழிகிற கட்டு. அந்தத் தண்ணீர் மறுகால் என்கிற வாய்க்காலில் விழுந்து கீழ்க் கண்மாய்க்கு வரத்தாகிறது. நம்முடையவை சங்கிலித் தொடராக அமைந்த கண்மாய்கள். மேல் ஊருக்கு மறுகால் எதுவோ, கீழ் ஊருக்கு அதுவே வரத்துக்கால். ஆகவே கலுங்கு என்பது கட்டுமானம் மட்டும் அல்ல. இரண்டு ஊருக்கு நடுவிலான ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தை மீறுகிற ஆசை எல்லா ஊரிலும் உண்டு. "கலுங்கை ஓரடி உயர்த்திவிட்டால் இன்னும் ஓரடித் தண்ணீர் நிற்குமே" என்கிறார்கள். நிற்கும். நின்றால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். முப்பது அடி நீளக் கலுங்கு, இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் தாண்டி வழியும்படி கட்டப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். அப்போது நொடிக்குச் சுமார் 250 கன அடி வெளியேறும். கலுங்கை ஓரடி உயர்த்தி, கரையை அப்படியே விட்டுவிட்டால், அதே வெள்ள மட்டத்தில் தாண்டுவதற்கு ஓரடிதான் மிச்சம். பாதி வெளியேறும் என்று நினைக்காதீர்கள். 90 கன அடிதான் வெளியேறும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதி 160 கன அடி எங்கே போகும்? கண்மாய் மட்டத்தை ஏற்றும்; கரை தாழ்ந்த இடத்தில் வழியும். மண் கரைமேல் தண்ணீர் வழிந்தால் சில மணி நேரத்தில் உடைப்பு. உடைந்த கண்மாயின் வெள்ளம் கீழ்க் கண்மாயையும் சேர்த்து உடைத்துக்கொண்டு போகும். இத்தனையும் ஓரடி ஆசையால்.

பழைய கலுங்குகளைக் கூர்ந்து பாருங்கள். மேல்தளத்தில் வரிசையாக இரண்டு மூன்றடி உயரத்தில் குத்துக்கற்கள் நட்டிருக்கும். அழகுக்கு நட்டவை அல்ல அவை. வெள்ளக் காலம் முடிந்து, மார்கழியில் மழை ஓய்ந்த பிறகு, அந்தக் கற்களுக்கு இடையில் பலகையோ புல்லோடு வெட்டிய மண்கட்டியோ களிமண்ணோ வைத்து அடைத்துக் கடைசித் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்கிக்கொள்வார்கள். பெருமழை வந்தால் ஒரு நொடியில் பிடுங்கிவிடலாம். ஆபத்துக் காலத்தில் திறந்தும், ஆபத்து நீங்கிய பின் அடைத்தும் வைக்கிற ஏற்பாடு அது. புதுக் கலுங்கு கட்டும்போது அந்தக் கற்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மட்டமாகச் சிமென்ட் பூசிவிடுகிறார்கள். கற்களைத் திரும்ப நடச் சொல்லிக் கேளுங்கள். எந்தத் தேதிக்குப் பிறகு அடைக்கலாம் என்பதைக் கீழ் ஊரோடு உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கலுங்கில் வேறு இரண்டு இடத்தை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். ஒன்று, தண்ணீர் விழுகிற கீழ்த்தளம். அங்கே கல் பெயர்ந்து பள்ளம் விழுந்தால், தண்ணீர் பின்னோக்கி அரித்துக் கலுங்கின் காலையே தோண்டும். இரண்டு, கலுங்கின் பக்கச் சுவரும் மண் கரையும் சேருகிற மூலை. மண்ணும் கல்லும் ஒட்டுகிற இடம் எப்போதும் பலவீனமானது. உடைப்புகள் பல அந்த மூலையில்தான் தொடங்குகின்றன. சுவருக்குப் பின்னால் விரிசலோ, மண் இறங்கிய தடமோ தெரிந்தால், மூன்றடி வெட்டி எடுத்துக் களிமண் போட்டுத் தண்ணீர் தெளித்து இடித்து நிரப்புங்கள். ஆற்று மணலைக் கொட்டி நிரப்பாதீர்கள். மணல் வழிவிடும்.

மடைக்கு வருகிறேன். கண்மாயில் மிக நுட்பமான வேலை மடையில்தான் இருக்கிறது. பழைய குமிழித் தூம்பு இன்னும் சில கண்மாய்களில் நிற்கிறது. கரையிலிருந்து சற்று உள்ளே இரண்டு கல்தூண், அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்கள். அடியில் தரையோடு ஒரு கல் தொட்டி. தொட்டியின் மேல்மூடியில் வட்டத் துளை, அதை அடைக்கக் கூம்பு வடிவ அடைப்பான். குறுக்குக் கல்லின் துளை வழியாக ஒரு கம்பு இறங்கி அந்த அடைப்பானைப் பிடித்திருக்கும். கம்பைத் தூக்கினால் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் உள்ள கல் மதகு வழியாக வயலுக்குப் போகும். மேல் துளையில் தெளிந்த தண்ணீர். தொட்டியின் பக்கவாட்டில் தரைமட்டத்தில் உள்ள சிறு துளைகளில் சேறு கலந்த தண்ணீர். மடையைச் சுற்றி வண்டல் தங்காமல், தண்ணீரோடு சேர்ந்து வயலுக்கே போய்ச் சேரும். கூம்பாக இருப்பதால் எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவுக்கு வழி திறக்கும். மடை திறக்கிற ஆளான நீர்க்கட்டி நீந்திப் போய், மூழ்கி, கையால் தடவிப் பார்த்துத் திறந்த காலமும் உண்டு. உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலை அது.

இப்போது பெரும்பாலும் திருகு வைத்த இரும்பு ஷட்டர். கெடுவது மூன்று விதத்தில். ஷட்டரின் அடி விளிம்பு துருப்பிடித்துத் தரையோடு பொருந்தாமல் போவது. சட்டத்தின் காடியில் கல் சிக்கி முழுக்க இறங்காமல் நிற்பது. திருகுத் தண்டு வளைவது. முழுக்க இறங்காத ஷட்டரை மூன்று பேர் சேர்ந்து பலம் கொண்ட மட்டும் திருகினால் தண்டு வளையாமல் என்ன செய்யும்? தை, மாசியில் தண்ணீர் வற்றியதும் காடியைச் சுரண்டிக் கழுவி, தண்டுக்குக் கிரீஸ் தடவி, அடியில் ரப்பர் பட்டை மாற்றுங்கள். ஒரு நாள் வேலை.

"கொஞ்சம்தானே கசிகிறது" என்று விட்டுவிடுகிறோம். நொடிக்குக் கால் கன அடி கசிவு கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தொண்ணூறு நாள் கசிந்தால் 19 லட்சம் கன அடி. நம் கண்மாயின் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்கு. நம் பகுதியில் புழுதியில் விதைத்து, மழையில் முளைத்து வளர்ந்து, கண்மாய்த் தண்ணீரைக் கடைசியில் எதிர்பார்க்கிற நெல். கதிர் வந்து பால் பிடிக்கும்போது இரண்டு தடவை தண்ணீர் கிடைத்தால் களஞ்சியம் நிறையும், கிடைக்காவிட்டால் மணி பிடிக்காத சாவிதான். அந்த இரண்டு தண்ணீர்தான் ஷட்டர் அடியில் ஒழுகிப் போகிறது.

கரையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்வேன். பொக்லைன் அள்ளிக் கொட்டிய மண் கரை ஆகாது. முக்கால் அடிக்கு மேல் ஒரு படையாகப் போடக் கூடாது. ஒவ்வொரு படைக்கும் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி அரை அடியாக இறுக்க வேண்டும். ஈரம் சரிதானா என்று தெரிய, ஒரு கைப்பிடி மண்ணை அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், கையில் சேறு ஒட்டக் கூடாது. பழைய கரைமேல் புது மண் போடுவதற்கு முன் புல்லையும் வேரையும் சீவி, படி படியாக வெட்டிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் புது மண் தனியாக வழுக்கி இறங்கும். கரையின் உச்சி, வெள்ளக் காலத்தில் தண்ணீர் ஏறுகிற மட்டத்துக்கு மேல் குறைந்தது மூன்றடி நிற்க வேண்டும். மாடு ஏறி இறங்கும் தடமும் வண்டிப் பாதையும் தாழ்ந்திருக்கும். தண்ணீர் முதலில் அதைத்தான் தேடி வரும். சீமைக் கருவேல மரத்தை மேலே வெட்டிவிட்டு வேரை விட்டுவிடாதீர்கள். வேர் மட்கினால் கரைக்குள் குழாய் போட்டது மாதிரி. பிடுங்கிய குழியைக் களிமண்ணால் இடித்து மூடுவது அதே கோடையில் நடக்க வேண்டும்.

கார்த்திகையில் நிறைந்த கண்மாயின் கரையில் இரவுக் காவல் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, கரையின் வெளிப்புற அடி. கசிவு இருக்கலாம், மண் கரை கொஞ்சம் கசியும். தெளிந்த தண்ணீராக ஒரே அளவில் கசிந்தால் கவனித்துக்கொண்டிருங்கள். கலங்கல் வந்தால் கரைக்குள்ளிருந்து மண் போகிறது என்று அர்த்தம். அப்போது பலர் செய்கிற தவறு, வெளிப்பக்கத்தில் துணியும் களிமண்ணும் வைத்து அடைப்பது. அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் இன்னும் வேகமாகப் பீறும். தண்ணீரை வரவிட்டு மண்ணை மட்டும் தடுக்க வேண்டும். முதலில் பருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய கல் என்று போடுங்கள். சுற்றி மணல் மூட்டையால் வளையம் கட்டி உள்ளே தண்ணீர் ஏறவிடுங்கள். அந்த எதிர்ப் பாரம் வேகத்தைக் குறைக்கும். உட்பக்கத்தில், துளையின் வாய் இருக்கும் என்று தோன்றுகிற இடத்தில் தார்ப்பாய் இறக்கி அதன்மேல் களிமண் மூட்டை போடலாம். மூட்டையை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். நிரம்பிய மூட்டை ஒன்றோடொன்று பொருந்தாது. செங்கல் அடுக்குவதுபோல இணைப்பு மாற்றி அடுக்குங்கள். ஜல்லியும் பருமணலும் புரட்டாசியிலேயே கரையில் இரண்டு இடத்தில் குவித்து வைத்திருந்தால்தான் இதெல்லாம் ஆகும். நடு இரவில் லாரி வராது.

உள்வாய்க்கு இப்போதுதான் வருகிறோம். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டுகிற ஒவ்வோர் அடியும் பாசனத்துக்கு உதவாத ஆழம். ஆடு மாடு குடிக்கவும், மீன் தங்கவும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கட்டும், அது தேவைதான். கரையை ஒட்டித் தோண்டவே கூடாது. கரை உயரத்தைப்போல ஐந்து மடங்கு தூரம் தள்ளியே மண்வெட்டி படட்டும். தோண்டும்போது களிமண் படை தீர்ந்து மணலோ சரளையோ தலைகாட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் களிமண் படைதான் தண்ணீரைத் தாங்குகிறது. அதைக் கிழித்தால் நிரப்பிய தண்ணீர் கீழே இறங்கிவிடும். சவுடு மண் என்ற பெயரில் மணல் அள்ளுகிறவர்கள் தேடி வருவது அடியில் உள்ள அந்த மணல் படையைத்தான். ஊர் விழித்திருக்க வேண்டிய இடம் அது.

மேலே படிந்த வண்டல் வயலுக்குப் போகட்டும். வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கி விவசாயிகள் எடுக்கலாம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் பரப்ப 36 யூனிட் வேண்டும். மணற்பாங்கான புன்செய்க்கு அது பல ஆண்டுக்கு ஈரம் பிடிக்கும். களிமண் வயலில் கொட்டினால் பலன் குறைவு. யார் வயலுக்கு எவ்வளவு என்பதை மண்ணைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

இத்தனை கல்லும் மண்ணும் சொன்னேன். இவற்றைக் கட்டிக் காத்த மனிதர்களைச் சொல்லாமல் விட முடியாது. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையன் என்று ஊருக்கு ஊர் பெயர். மடை திறப்பது, முறை வைத்துப் பாய்ச்சுவது, கரைக்காவல், உடைப்பு வந்தால் முதலில் இறங்குவது, எல்லாம் அவர் வேலை. கூலி அறுவடைக் களத்தில் ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல்லாகக் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் பாய்ச்சிய ஆயக்கட்டில் அவர்களுக்குச் சொந்த நிலம் அரிதாகவே இருந்தது. பழைய ஏற்பாட்டின் பெருமையைப் பேசும்போது இந்த அநியாயத்தையும் சேர்த்தே பேச வேண்டும். ஊர் மக்களே கூடி நீர்நிலையைப் பழுது பார்ப்பதைக் குடிமராமத்து என்று இன்று கொண்டாடுகிறோம். 1858-இல் ஆங்கிலேயர் அரசு அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியபோது யார் முதுகில் சுமை விழுந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். 2017-இல் அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது விவசாயிகள் பங்காகப் பத்து சதவீதம் வைத்தது. பணமாகவோ உழைப்பாகவோ தரலாம் என்றது. அந்தப் பங்கை நிலமுள்ளவர் தர வேண்டும்; நிலமில்லாதவரின் இலவச உழைப்பாக அது மாறக் கூடாது.

நீர்க்கட்டி இல்லாத கண்மாயில் என்ன நடக்கிறது? தலைமடைக்காரர் இரவில் மடையைத் திறக்கிறார், கடைமடைக்காரர் மோட்டார் வாங்குகிறார். நொடிக்கு ஒரு கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் பன்னிரண்டு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் கட்டலாம். இதைத் தெரிந்த ஒருவர் மடையில் இருந்தால், ஆயக்கட்டை மூன்றாகப் பிரித்து, எந்த நாளில் யாருக்கு என்று சொல்லிவிடுவார். கண்மாய் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றால் கார்த்திகைக் கடைசியில் ஊர் கூடி, எத்தனை ஏக்கருக்குக் கண்மாய்த் தண்ணீர் என்று முடிவு செய்ய வேண்டும். எல்லோரும் தங்கள் நிலத்தில் பாதிக்குத்தான் தண்ணீர் கேட்பது என்று ஒப்புக்கொண்டால் எல்லோர் வீட்டிலும் நெல் இருக்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் தலைமடையில் மட்டும் அறுப்பு நடக்கும். இதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். மடைத் தூணில் மடையின் அடிமட்டத்தைப் பூச்சியமாகவும் கலுங்கு மட்டத்தைக் கடைசிக் கோடாகவும் வைத்து, அரை அடிக்கு ஒரு கோடு பெயின்டில் போடுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படித்து, டீக்கடைப் பலகையில் எழுதுங்கள். வெயிலில் நாளுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் ஆவியாகும். மாதத்துக்கு அரை அடிக்கு மேல் அதிலேயே போகும். அதைவிட வேகமாக மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது யாரோ திறக்கிறார்கள்.

மீன் குத்தகையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். குத்தகைதாரருக்குத் தண்ணீர் சீக்கிரம் வற்றினால் பிடிப்பது சுலபம். விவசாயிக்கு அது தை வரைக்கும் நிற்க வேண்டும். ஆகவே ஏலத்துக்கு முன்பே நிபந்தனை எழுதுங்கள். மடைத் திறவுகோல் நீர்க்கட்டியிடம்தான் இருக்கும். கோழிக் கழிவைத் தீவனமாகக் கொட்டக் கூடாது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடக் கூடாது. அந்த மீன் உள்ளே வந்தால் விராலும் கெண்டைக் குஞ்சும் மிஞ்சாது. கோடையில் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, பரி என்று மீன்பிடிக் கருவிகளோடு நாலு ஊர் சனம் இறங்குகிற மீன்பிடித் திருவிழாவை விட்டுவிடாதீர்கள். அன்றைக்குக் கண்மாயின் அடித்தரை முழுக்க ஆயிரம் கால் நடக்கிறது. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று ஊருக்கே தெரிந்துபோகும்.

பறவைகளும் இந்தக் கண்மாய்களின் குடிகள்தாம். சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் கண்மாய்களுக்கு 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் கூடு கட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே உள்வாயில் உள்ள நாட்டுக் கருவேல மரங்களில் கூடு இருந்தால், குஞ்சு பறக்கும் வரை ஏலம் விடாதீர்கள்.

இந்தக் கோடையில் என்ன செய்யலாம் என்று கேட்டால், ஒவ்வொரு ஊரும் நாலு பேரை ஒதுக்குங்கள். அவர்களில் ஒருவர் கீழ்க் கண்மாய் ஊரைச் சேர்ந்தவராக இருக்கட்டும். பங்குனிக்குள் வரத்துக்கால் மட்டமும் அகலமும் தாளில் ஏறட்டும். வைகாசிக்குள் மடைப் பழுது, ஆனிக்குள் கரைவேலை, ஆவணிக்குள் வாய்க்கால் சுத்தம், புரட்டாசியில் ஜல்லியும் மூட்டையும். நீர்க்கட்டியின் சம்பளத்தை ஏக்கருக்கு இவ்வளவு என்று, விதைப்புக்கு முன்பே பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். கிராம வரைபடம் கொண்டுவந்திருப்பவர்கள் மேடைக்குப் பக்கத்தில் உள்ள மேசைக்கு வாருங்கள்; எந்தக் கண்மாய்க்கு எந்த ஓடையிலிருந்து வரத்து என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துத் தருகிறோம். மேல் ஊர்க்காரரும் கீழ் ஊர்க்காரரும் சேர்ந்தே வாருங்கள். வணக்கம்.